முதுகலை நவீன வரலாறு: குமரி மாவட்டம் பற்றி ஆய்வேடு எழுதத் தலைப்பும் ஆவணமும் எங்கிருந்து தொடங்குவது?

கல்குளம்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. கடைசி செமஸ்டரில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். "தென் திருவிதாங்கூரில் சமூகச் சீர்திருத்த இயக்கங்கள், 1800–1956" என்று தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன். இது சரிவருமா? ஆவணங்கள் நாகர்கோவிலிலேயே கிடைக்குமா, சென்னைக்குப் போக வேண்டுமா? எனக்கு மலையாளம் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில் எழுதுவது நல்லதா? பிறகு பிஎச்.டி. சேரவும் ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலை

முதலில் தலைப்பைப் பார்ப்போம் மக்ளே. 156 வருடம், நாலு தாலுகா, அதற்குள் குறைந்தது ஆறு இயக்கம். மயிலாடியில் 1806-இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் போதகர் ரிங்கல்தௌபே வந்தது ஒரு கதை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822-23, 1827-29, 1858-59 என்று மூன்று கட்டம். அய்யா வைகுண்டர் தனி உலகம். சுசீந்திரம் சத்தியாக்கிரகம் 1926. ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936. அதன் பிறகு தாய்த்தமிழகத்தோடு இணைப்புப் போராட்டம். இவை ஒவ்வொன்றுமே ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதும். கடைசி செமஸ்டரில் உங்களுக்கு உண்மையில் வேலை செய்யக் கிடைப்பது நாலு மாதம். அதில் இத்தனையையும் தொட்டால் ஏற்கெனவே அச்சான புத்தகங்களின் சுருக்கம்தான் வரும். வாய்மொழித் தேர்வில் "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

பெரும்பாலான மாணவர்கள் தலைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு ஆவணம் தேடுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். எந்த ஆவண வரிசை உங்கள் கைக்கு எட்டும், உங்களால் வாசிக்க முடியும், நாலு மாதத்தில் முழுதும் படித்து முடிக்க முடியும் என்று பாருங்கள். அந்த வரிசை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமோ அதுதான் உங்கள் தலைப்பு.

ஒரு மாதிரி சொல்கிறேன். 1904-இல் திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்ற மக்கள் பிரதிநிதிகள் சபை தொடங்கியது. ஆண்டுக்கொரு முறை கூடும். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் உறுப்பினர்கள் வந்து தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்வார்கள், சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சரான திவான் பதில் சொல்வார். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. இன்னொரு பக்கம் கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை வேலை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: "கோதையாறு பாசனமும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் உறுப்பினர்களும்: பிரஜா சபை நடவடிக்கைகளின் வழி, 1904–1914". பத்து வருட நடவடிக்கை, இரண்டு தாலுகா, ஒரு பிரச்சினை. யார் கேட்டார், என்ன கேட்டார், திவான் என்ன சொன்னார், அடுத்த வருடம் அதே கேள்வி திரும்ப வந்ததா? நாலு பத்தியில் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் பாதி ஆய்வேடு அதிலேயே நிற்கும். மிச்சப் பாதி, அந்த அட்டவணை என்ன காட்டுகிறது என்று சொல்வது.

தேரூர்க்காரன்

வேளிமலை அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தோள்சீலை பற்றி நம் மாவட்டத்தில் ஏற்கெனவே ஏராளமாக எழுதிவிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே பத்துப் பதினைந்து மேற்கோளைத்தான் மாற்றி மாற்றிப் போடுகின்றன. அந்தத் தலைப்பே வேண்டும் என்றால் 26 ஜூலை 1859 அறிவிப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று எடுங்கள். அறிவிப்பு சாணார் (பின்னாளில் நாடார்) பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி தந்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை ஊர்களில் எப்படி அமலானது, புகார்கள் வந்தனவா, யார் தீர்த்தார்கள் என்ற பக்கம் போனவர்கள் குறைவு.

சுங்கான்கடை_சுதா

ஆவணம் எங்கே என்ற கேள்விக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நம் மாவட்ட மாணவர்கள் ஒரு பருவமே வீணாக்குகிறார்கள்.

1 நவம்பர் 1956-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸ் மாநிலத்துக்கு வந்தன. நிலம் வந்தது, மக்கள் வந்தார்கள். திருவிதாங்கூர் அரசின் தலைமைச் செயலகக் கோப்புகள் திருவனந்தபுரத்திலேயே இருந்துவிட்டன. அதனால் 1956-க்கு முந்தைய குமரியைப் பற்றி எழுத நினைப்பவர் முதலில் ஏற வேண்டியது சென்னை ரயில் இல்லை, திருவனந்தபுரம் ரயில். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

அங்கே கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் இயக்குநரகமும் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய காப்பகமும் தனித்தனி இடங்கள். எந்த வரிசை எந்தக் கட்டடத்தில் என்று கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஓலைச் சுருள்களாக இருக்கும் மதிலகம் ஆவணங்கள் (பத்மநாபசுவாமி கோவில் ஆவணங்கள்) புகழ்பெற்றவை. ஆனால் அவற்றில் பழந்தமிழும் மலையாளமும் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்ற லிபிகளில் கலந்து கிடக்கின்றன. எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியும் இருபதாம் நூற்றாண்டும் என்றால் ஆங்கிலக் கோப்புகளும் அச்சு அறிக்கைகளும் போதும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: துறைத் தலைவரோ நெறியாளரோ எழுதிய பரிந்துரைக் கடிதம், தலைப்பும் காலமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும், கல்லூரி அடையாள அட்டையும் ஆதாரும் நகலோடு, புகைப்படம் இரண்டு, பென்சில். பேனா பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். கைபேசியில் படம் எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டே எடுங்கள்.

முதல் நாளே கோப்பு கேட்காதீர்கள். முதல் நாள் முழுக்கப் பட்டியல் புத்தகங்களுக்குத்தான். அவற்றில் "சமூகச் சீர்திருத்தம்" என்று ஒரு தலைப்பும் இருக்காது. பட்டியல் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் இருக்கும். அரசு அலுவலகம் அந்தக் காலத்தில் உங்கள் பிரச்சினையை எந்தத் துறையில் போட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டும். கோவில் நுழைவு என்றால் தேவஸ்வம் (கோவில் நிர்வாகத் துறை), சில நேரம் நீதி, சில நேரம் போலீஸ். பாசனம் என்றால் மராமத்து, வரி பாக்கி என்றால் ரெவின்யூ. ஒரே விஷயம் மூன்று துறையில் சிதறிக் கிடக்கும். பட்டியலில் வந்த கோப்பு எண், ஆண்டு, பொருள் மூன்றையும் அப்படியே நோட்டில் எழுதி, பத்துப் பதினைந்து சேர்ந்த பிறகு வேண்டுகைச் சீட்டு போடுங்கள். கேட்டதில் சில "இல்லை" என்றோ "சிதைவு" என்றோ திரும்பி வரும். அந்தப் பதிலையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "இந்தக் கோப்பை ஏன் பார்க்கவில்லை?" என்று தேர்வாளர் கேட்டால் சொல்ல ஆதாரம் அதுதான்.

சென்னை எழும்பூர் காப்பகம் எப்போது வேண்டும்? திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு பிரிட்டிஷார் நடத்திய கடிதப் போக்குவரத்து 1923 வரை மதராஸ் அரசின் வழியாகவே போனது. சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்டு எழுதியது, கவர்னர் பதில் சொன்னது எல்லாம் அங்கே. 1859-இல் டிரெவெல்யன் கவர்னராக இருந்து தோள்சீலை விவகாரத்தில் தலையிட்டதும் இந்த வரிசையில்தான் வரும். 1923-இல் மதராஸ் ஸ்டேட்ஸ் ஏஜென்சி வந்த பிறகு திருவிதாங்கூர் நேரே இந்திய அரசின் பார்வைக்குப் போய்விட்டது. ஆகவே 1923-க்குப் பிந்தைய விஷயத்துக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அதற்கு டெல்லி போகவே வேண்டும் என்பதில்லை. அபிலேக் படல் என்ற அவர்களது இணையதளத்தில் ஏராளமான கோப்புகள் படமாகவே இருக்கின்றன. தேடும்போது ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒன்றும் வராது. ஆரல்வாய்மொழி பழைய ஆங்கிலத்தில் அரம்பூலி ஆகிவிடும், உதயகிரி ஊதகிரி ஆகிவிடும், பத்மநாபபுரம் பாப்பனாவரம் என்றுகூட வரும். ஒவ்வொரு ஊருக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கடலோரம்

கடற்கரை ஊர்கள் பற்றி எழுதுவோருக்கு இது. கோட்டாறு மறைமாவட்டம் கொல்லத்திலிருந்து பிரிந்தது 1930-இல். அதற்கு முந்தைய நிர்வாகக் கடிதங்கள் நாகர்கோவிலில் இல்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, கொல்லத்தில் விசாரிக்க வேண்டும். பங்குகளின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கில் இருக்கும். அவற்றைப் பார்க்கப் பங்குத்தந்தையின் அனுமதி வேண்டும். அண்மைக் காலப் பதிவுகளிலுள்ள ஆட்களின் பெயரை ஆய்வேட்டில் போடக் கூடாது.

லண்டன் மிஷன் பக்கம் எழுதுவோருக்கு மூலக் கடிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எம்.ஏ.வுக்கு அது எட்டாது. ஆனால் மிஷன் வெளியிட்ட அச்சு ஆண்டறிக்கைகளும் இதழ்களும் இணைய நூலகங்களில் நிறைய ஏறியிருக்கின்றன. நெய்யூர் மருத்துவ மிஷன் 1838-இல் டாக்டர் ராம்சேயோடு தொடங்கியது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல் பெண்களின் கூலி வேலையாக வளர்ந்தது. இரண்டுமே நல்ல, அளவான தலைப்புகள். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். அந்த அறிக்கைகள் இங்கிலாந்தில் நன்கொடை கொடுப்பவர்கள் வாசிக்க எழுதப்பட்டவை. எண்ணிக்கை கூடினால் பெரிதாகச் சொல்வார்கள், குறைந்தால் காலரா, பஞ்சம் என்று காரணம் வரும். எண்களை மட்டும் எடுத்துப் பத்து வருட வரிசையாகப் போட்டுப் பாருங்கள். விழுந்த வருடங்கள்தான் அதிகம் பேசும்.

தேரூர்க்காரன்

இப்போது தேதி. நம் மாவட்ட ஆய்வேடுகளில் அதிகம் தப்பாவது இதுதான். திருவிதாங்கூர் ஆவணத்தில் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். "825-ஐக் கூட்டினால் போதும்" என்று எல்லாருமே சொல்வார்கள். அது பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙம் மாதம், நம் ஆவணி, ஆகஸ்டு நடுவில். ஆகவே சிங்ஙம் முதல் தனு (மார்கழி) பாதி வரை, அதாவது டிசம்பர் 31 வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825.

சோதித்துப் பாருங்கள். ஆலயப் பிரவேச அறிவிப்பு 1112 துலாம் 27. துலாம் என்பது ஐப்பசி. 1112-உடன் 824 கூட்டினால் 1936. நவம்பர் 12, சரி. 825 கூட்டியிருந்தால் 1937 என்று எழுதியிருப்பீர்கள். தோள்சீலை அறிவிப்பு 1034 கர்க்கடகம், ஆடி. அதற்கு 825 கூட்டினால் 1859, சரி. தனு மாதம் மட்டும் ஆபத்து. பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் கிடக்கும், நாளையும் பார்த்தே மாற்ற வேண்டும்.

மாதம் இல்லாமல் வெறும் "1101" என்று இருந்தால் 1925-26 என்று இரண்டு ஆண்டையும் போடுங்கள். நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1101 அப்படித்தான். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழியிலிருந்து சொந்தப் பிள்ளைகளுக்குப் போகும் மக்கள் வழிக்கு மாறிய சட்டம் அது, அருமையான தலைப்பும்கூட. கவிமணி மருமக்கள் வழி மான்மியம் பாடியதை எல்லாரும் சொல்வார்கள். சட்டம் வந்த பிறகு குடும்பச் சொத்து எப்படிப் பங்கு போடப்பட்டது என்று பத்திரப் பதிவுகளை வைத்துப் பார்ப்பது வேறு வேலை, அது செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்று, வடக்கே மலபாரில் அதே கொல்லம் ஆண்டு கன்னி மாதத்தில் பிறக்கும். திருவிதாங்கூர் ஆவணத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைப் பயன்படுத்தும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரம்

திருவிதாங்கூரும் டச்சுக்காரரும் மோதிய குளச்சல் போர் எடுக்கிறவர்கள் இன்னொரு நாட்காட்டிச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டச்சுக்காரர்கள் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டியில் எழுதினார்கள். ஆங்கிலக் கம்பெனி 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. இடைவெளி 11 நாள். 1741 ஆகஸ்டு 10 என்று நாம் சொல்லும் நாள், அஞ்சுதெங்கு கோட்டை ஆங்கிலேயர் கணக்கில் ஜூலை 30. இரண்டு வெவ்வேறு சம்பவம் என்று நினைத்துத் தனித்தனியாக எழுதினால் வம்பு. ஆங்கில ஆண்டும் அப்போது மார்ச் 25-இல் பிறந்தது, அதனால் ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் 1740/41 என்று இரட்டை ஆண்டு வரும்.

வேளிமலை

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், அதிலும் தவறாமல் தடுக்கி விழுவார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆவணத்தில் வெறும் ரூபாய் என்று இருந்தால் எந்த ரூபாய் என்று பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரசின் உள்கணக்கு சர்க்கார் ரூபாயில் இருக்கும், ரெசிடெண்டுக்கு அனுப்பியது பிரிட்டிஷ் ரூபாயில் இருக்கலாம். ஒரு நிலவரி 3 பணம் 2 சக்கரம் 8 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைச் சக்கரமாக்கினால் 12, அதோடு 2, அரைச் சக்கரம்: மொத்தம் 14½. அதை 28-ஆல் வகுத்தால் சர்க்கார் ரூபாய் 0.518. 28½-ஆல் வகுத்தால் பிரிட்டிஷ் ரூபாய் 0.509. ஒரு கைப்பிடி நிலத்தில் பெரிதாகத் தெரியாது. தாலுகா மொத்த வரியில் நூற்றுக்கு ஒன்றே முக்கால் அளவு பிசகும். இரண்டு அறிக்கையில் எண் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

தானிய அளவை மாற்ற முயலவே வேண்டாம். கோட்டை, மரக்கால், பறை இடத்துக்கு இடம் மாறும். மூலத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

கல்குளம்_மாணவி

இவ்வளவு பேர் எழுதியதற்கு ரொம்ப நன்றி. மலையாளம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆங்கில ஆவணம் மட்டும் வைத்து எழுதினால் மதிப்பு குறையுமா?

குழித்துறை_ஆறு

மலையாளம் வாசிக்கப் படித்துவிடு பிள்ளே. திருவிதாங்கூர் கச்சேரி (அரசு அலுவலக) மொழி அதுதான். கீழே ஆள் எழுதிக் கொடுத்த மனு மலையாளத்திலோ தமிழிலோ இருக்கும். மேலே போகப் போக ஆங்கிலச் சுருக்கமாகும். அந்தச் சுருக்கத்தில் மனுக்காரரின் ஊர், தொழில், கோபம் எல்லாம் வடிந்துபோய் "சில குடிகள் புகார் செய்தனர்" என்று ஒரு வரிதான் மிஞ்சும்.

பேச்சு புரிகிறவருக்குத் தினம் ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு மாதத்தில் அச்சு எழுத்து வந்துவிடும். ஆனால் இன்றைய பள்ளிப் புத்தகத்தை வைத்து மட்டும் படிக்காதே. கேரளத்தில் 1971-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் கூட்டெழுத்துகள் ஒட்டிப் பின்னிக் கிடக்கும், உ-ஊ குறிகள் எழுத்தோடு சேர்ந்தே வரும். புது லிபி மட்டும் தெரிந்தவர் 1930-ஆம் ஆண்டு அரசிதழைத் திறந்தால் மூன்றாவது சொல்லிலேயே நிற்பார். பழைய லிபி எழுத்துருக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பத்தியை இரண்டு எழுத்துருவிலும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படி.

கையெழுத்துப் பத்திரம் அதற்கு அடுத்த படி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) பல வீடுகளில் மலையாளத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: தேதி, எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், நிலம், நான்கெல்லை, தொகை, சாட்சி. அந்த வரிசை பழகிவிட்டால் பாதிச் சொல்லை ஊகித்துவிடலாம். பின்னங்கள் தமிழ்க் கணக்குதான், மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று.

தேரூர்க்காரன்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாலு மாத ஆய்வேட்டுக்காக இரண்டு மாதம் லிபி படிக்கச் சொல்வது எல்லாருக்கும் ஒத்துவராது. பிரஜா சபை நடவடிக்கை, குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) அறிக்கைகள், சமஸ்தானத்தைப் பற்றிய அரசுக் கையேடான நாகமையாவின் 1906 ஸ்டேட் மேனுவல் மூன்று தொகுதி, வேலுப்பிள்ளையின் 1940 மேனுவல் நாலு தொகுதி எல்லாமே ஆங்கிலம். ஆங்கில ஆவணத்துக்கு ஏற்ற கேள்வியை எடுத்தால் குறையே இல்லை.

வேளிமலை

இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்தே போகும். கேள்வி அரசு என்ன நினைத்தது என்பதானால் ஆங்கிலம் போதும். கேள்வி மக்கள் என்ன கேட்டார்கள் என்பதானால் மலையாளமும் தமிழும் இல்லாமல் முடியாது. பிஎச்.டி. ஆசை இருப்பதால் இந்த விடுமுறையிலேயே எழுத்தைத் தொடங்கிவிடுங்கள், ஆய்வேட்டை ஆங்கில மூலத்தில் முடியுங்கள்.

மேனுவல்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டுமே அரசு எழுதுவித்தவை. பழைய நூல்களிலிருந்து வாங்கியதையும் அப்படியே சொல்வார்கள். தோவாளையில் நெல் எத்தனை ஏக்கர் என்பதற்கு நம்பலாம். அரசர் ஏன் அந்த ஆணையைப் போட்டார் என்பதற்கு அவற்றை மட்டும் மேற்கோள் காட்டினால் அது அரசரின் சொந்த விளக்கம்தான்.

குடிக்கணக்கு ஒப்பிடும்போதும் எல்லையைப் பாருங்கள். திருவிதாங்கூரின் முதல் முறையான கணக்கெடுப்பு 1875. பழைய அறிக்கைகளில் இரணியல் தனித் தாலுகா, பத்மநாபபுரம் டிவிஷனில் ஐந்து தாலுகா. 1956-இல் நமக்கு வந்தது நாலு. கல்குளம் மக்கள்தொகை திடீரென்று கூடியதாக ஒரு வரைபடம் வந்தால் பிள்ளைப்பேறு கூடவில்லை, எல்லை மாறியிருக்கிறது. சாதிப் பெயர்களும் அப்படியே, சாணார் என்று இருந்தது பிறகு நாடார் ஆகும். இரண்டு தனிச் சாதியாக எண்ணிவிடக் கூடாது.

நேரியல்

இணைப்புப் போராட்டம் எடுக்கலாமா? வீட்டுப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள், பேட்டியே போதும் என்று தோன்றுகிறது.

குழித்துறை_ஆறு

எடுக்கலாம் தம்பி, ஆனால் பேட்டி மட்டும் போதாது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச்சூடு நடந்தபோது இருபது வயது இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். பெரும்பாலும் நீங்கள் பேசப்போவது அடுத்த தலைமுறையிடம். அவர்கள் சொல்வது கேட்ட கதை, பார்த்த கதை இல்லை. எது எது என்று பேட்டியிலேயே கேட்டுக் குறிக்க வேண்டும். இறந்தவர் எண்ணிக்கையே நூலுக்கு நூல் வேறுபடுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதாமல், எந்த மூலம் எத்தனை சொல்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். அதுவே ஒரு நல்ல இயல்.

பேட்டிக்குப் போகும்போது "எந்த வருஷம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "உங்களுக்குக் கல்யாணம் ஆனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "அப்போ தலைவர் நேசமணி ஊருக்கு வந்தாரா?" என்று கேட்டால் வரிசை கிடைக்கும். சம்மதக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் போகும். விளவங்கோட்டுப் பேச்சை அப்படியே எழுத வேண்டும், நூல்தமிழாக்கினால் சொன்னவரின் அழுத்தம் போய்விடும்.

அச்சு மூலம் என்றால் 1955-இல் வந்த மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை கட்டாயம். தமிழகப் பக்க நூல்கள் அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசை ஒரு விதமாகச் சொல்லும். கேரளப் பக்கம் அதே காலத்தை வேறு விதமாகச் சொல்லும். சோசலிஸ்ட் தலைவர் லோகியா தன் சொந்தக் கட்சி முதலமைச்சரான தாணுப்பிள்ளையையே பதவி விலகச் சொன்னார் என்பதை வைத்துப் பாருங்கள், இது மலையாளி-தமிழர் சண்டை மட்டும் இல்லை என்று புரியும்.

பழையபாலம்

மேற்படிப்புப் பக்கம் நான் சொல்கிறேன். எம்.ஃபில். 2022 ஒழுங்குமுறையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நடத்துவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் சேராதீர்கள். பிஎச்.டி.க்கு முதுகலையில் 55 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. குறைந்தது மூன்று, அதிகம் ஆறு ஆண்டு. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட்.

2024 ஜூன் முதல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்தது. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) இல்லாதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30. பிஎச்.டி. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். தேர்வு 3 மணி நேரம், முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. வரலாற்றுத் தாளின் குறியீட்டு எண் 06.

நம் பிள்ளைகள் சறுக்குவது இரண்டு இடத்தில். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் பாடம் தெரிந்திருந்தும் கேள்வியைப் புரிந்துகொள்ள நேரம் போக்குகிறார்கள். முதலாண்டிலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அடுத்தது, நவீன வரலாறு மட்டும் படித்துவிட்டுப் போவது. தாள் சிந்துவெளியிலிருந்து வரலாற்றெழுதியல் வரை எல்லாம் கேட்கும். சிறப்புப் பாடம் நவீனம் என்பதால் மற்றதை ஒதுக்கினால் பாதித் தாள் போய்விடும்.

சுங்கான்கடை_சுதா

தமிழா ஆங்கிலமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பல்கலைக்கழகம் அனுமதித்தால் எது உங்களுக்குச் சிந்திக்கும் மொழியோ அதில் எழுதுங்கள். தமிழில் எழுதுவதானால் ஆங்கில மேற்கோளை மொழிபெயர்த்து மேலே போட்டு, மூலத்தை அடிக்குறிப்பில் அப்படியே தாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதானால் ஒட்டி ஒட்டி எழுதும் ஆசை வரும். பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 2018 யு.ஜி.சி. விதிப்படி 10 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளப்படும். 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக்கூடக் கொடுக்க முடியாது. அதற்கும் மேல் பதிவே ரத்து.

அடிக்குறிப்பைக் கடைசியில் சேர்க்கலாம் என்று விடாதீர்கள். குறிப்பெடுக்கும் ஒவ்வொரு தாளின் தலையிலும் காப்பகம், வரிசை, கோப்பு எண், ஆண்டு, தாள் எண் ஐந்தையும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோப்பு எண் இல்லாத ஒரு அருமையான மேற்கோளுக்காகத் திரும்பவும் திருவனந்தபுரம் போக நேரிடும். கைபேசிப் படங்களுக்கும் அன்றைக்கே பெயர் மாற்றுங்கள். தலைப்பு உறுதியாகும் முன் சோத்கங்கா என்ற முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் தேடி, அதே தலைப்பில் யாராவது ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கல்குளம்_மாணவி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். புதிய தலைப்பு: "ஆலயப் பிரவேச அறிவிப்புக்குப் பின் கல்குளம் தாலுகா கோவில்கள், 1936–1947". தேவஸ்வம் கோப்புகளை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரியா அக்கா?

சுங்கான்கடை_சுதா

கேள்வி நல்லது, கோவில்கள் அதிகம். தாலுகாவில் எல்லாக் கோவிலுக்கும் கோப்பு இருக்காது, இருப்பதும் சம அளவில் இருக்காது. பட்டியல் பார்த்துவிட்டு நிறையக் கோப்புள்ள மூன்று கோவிலை எடுங்கள். அறிவிப்பு பொருந்தியது அரசின் நிர்வாகத்திலும் கட்டுப்பாட்டிலும் இருந்த கோவில்களுக்கு. தனியார், ஊரார் கோவில்கள் இதில் வேறு வகை, அந்தப் பிரிவை முதல் இயலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி ஆண்டையும் யோசியுங்கள். 1947-இல் கோவில் நிர்வாகத்தில் என்ன மாறியது என்று சொல்ல முடியாவிட்டால் 1941-இல் நிறுத்துங்கள், அந்த வருடம் குடிக்கணக்கு இருப்பதால் பின்னணி எண்களும் கைக்குக் கிடைக்கும்.

தேரூர்க்காரன்

1936–41 என்றால் கொல்லம் 1112 முதல் 1117 வரை. பட்டியல் புத்தகத்தில் அந்த எண்களில் தேடு.

கல்குளம்_மாணவி

சரி அண்ணாச்சி. துறைத் தலைவரிடம் நாளைக்கே கடிதம் கேட்கிறேன். பட்டியலில் என்ன கிடைத்தது என்று இங்கேயே வந்து போடுகிறேன்.